ஒரே மாங்காய், இரண்டு சீட்டு

ஜூன் 9, 2008. திங்கள், காலை 9.40. திருப்பதி ஆபீஸ்.

சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து இதுவரை பதினோரு போன். ஒரே புகார். கேட்டுக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் நம் புரோகிராம் ஒரே சோதனைக்கு இரண்டு சீட்டு அடிக்கிறது. சீட்டுக்கு ஒருமுறை லோடிலிருந்து பழம் எடுத்து அறுத்துப் பார்க்கிறார்கள். வண்டிகள் ரோடு வரை நிற்கின்றன.

அடுத்த திங்கள் நான் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் முதலாளி நாகபூஷணத்தின் பீரோவில். யாரை வேலைக்கு எடுத்தாலும் வாங்கிப் பூட்டிவிடுவார். கேட்டேன். "மொதல்ல பக்கைத் தீரு பாபு. தர்வாத்த பெங்களூரு." புரோகிராமில் உள்ள தப்பை, அதாவது பக்கை, தீர்த்த பிறகுதான் பெங்களூராம். சிரிப்பு வேறு.

ஜூன் 10

ஒவ்வொரு சோதனைக்கான புரோகிராம் வரிகளுக்கு மேலேயும் ஒரு அனோடேஷன் ஒட்டியிருக்கிறேன். பெட்டிமேல் லேபிள் மாதிரி: தோத்தாபுரி மாங்காய், இனிப்பு இவ்வளவு. ஃபேக்டரிக்காரர்கள் காலையில் அடித்துத் தரும் விதியும் அதே அனோடேஷனாக மாறும். இரண்டும் சமம் என்றால் ஒரு சீட்டு போதும். இரண்டையும் பிரின்ட் போட்டுப் பார்த்தேன். பழம் அதே, அளவு அதே. ஆனால் சமம் இல்லையாம்! இதற்குமேல் எப்படிச் சமமாக இருப்பது?

விதியிலிருந்து வரும் இரண்டாவது அனோடேஷனைக் கையால் கட்டியவள் பக்கத்து சீட் சிவசங்கரி. தப்பு அவளுடையதுதான். சொன்னேன். "மொதல்ல உன் மூஞ்சியப் பாத்துட்டு வா" என்றாள்.

ஜூன் 11

தனியாக டெஸ்ட் எழுதினேன். சமம் என்கிறது. ஃபேக்டரியில் இல்லை என்கிறது. கீபோர்டை உடைக்கலாமா?

ஜூன் 12

புத்தலப்பட்டிலிருந்து மாங்காய் ஏற்றிப்போன என் அப்பா, நைனா, அந்த கேட்டிலிருந்தே போன் செய்தார். "டேய், உன் கம்ப்யூட்டரு ஒரே லோடை ரெண்டு வாட்டி அறுத்துக்கினு கீது. நான் விக்க வந்தேனா, இவுனுங்க துன்றதுக்குக் குடுக்க வந்தேனா?"

போனை வைத்துவிட்டு டெஸ்டைத் திரும்ப ஓட்டினேன்.

ஜூன் 13

சிவசங்கரி என் டெஸ்டைப் பார்த்தாள். "ஏன் எப்பவும் உன்னுதையே முன்னால நிக்கவெச்சுக் கேக்கற? என்னுத வை."

மாற்றி வைத்தேன். சமம் இல்லை!

ஜாவா தானே தரும் அனோடேஷன், எதிரில் இருப்பதன் உள்ளே இருக்கும் மதிப்புகளைப் பார்த்து ஆமாம் என்கிறது. கையால் கட்டியதற்கு அது தெரியாது. 'நானேதானா நீ' என்று மட்டும் பார்த்து இல்லை என்கிறது. அதற்கு, சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸை நாம்தான் எழுத வேண்டும்.

"ஏன் எழுதலை?" என்று கத்தினேன்.

"எழுதறதுக்குள்ள போதும் போதும்னு புடுங்கிக்கினு போனது யாரு?"

அவளே எழுதி முடித்தாள். அனுப்பிவிட்டோம்.

ஜூன் 14, சனி

காலை முதல் ஒரு வண்டிக்கு ஒரு சீட்டு. நைனா உள்ளே போய்விட்டார். "பாதி கனிஞ்சி பூட்ச்சிடா. உன் கம்ப்யூட்டராண்ட சொல்லு."

நாகபூஷணம் என் சர்டிபிகேட் கவரை எடுத்துக் கொடுத்தார். பக்கைப் பிடித்தது சிவசங்கரி, அவளுடையதையும் கொடுங்கள் என்றேன். "அந்த சிவசங்கரி அம்மாயி எங்க போவப்போவுது பாபு?"

என் கவரோடு வெளியே வந்துவிட்டேன். சீ. ஏன் வந்தேன்?

இனி:

1. இரண்டு பக்கமும் மாற்றிக் கேட்கும் டெஸ்ட். மதியத்துக்குள்.
2. ஈக்வல்ஸ் எழுதிய இடத்தில், அதோடு ஒத்துப்போக வேண்டிய ஹாஷ்கோடும்.
3. நைனாவுக்குப் போன். திட்டட்டும்.
4. சிவசங்கரியிடம் கேட்பது: கவர் வேண்டுமா என்று. அவளுக்காக நானே முடிவு செய்யக்கூடாது.
5. வேண்டும் என்றால், இருவரும் பீரோ முன்னால். அவள் கவர் வராமல் நான் பஸ் ஏறுவதில்லை.