விடைக்கேற்ற கணக்கு

அன்புள்ளவருக்கு,

என் மூன்றாம் வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் கணக்கை முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் பின்னலை அவிழ்ப்பாள். கூடுதலாகக் கணக்குகள் கொடுத்தேன். "சீக்கிரம் முடிச்சா தண்டனையா மிஸ்?" என்றாள். சுருக்கென்றது.

மறுநாள் அவளுக்கு விடையை மட்டும் கொடுத்தேன்: இருபத்து நான்கு. "இதுக்கு ஏத்த கணக்கை நீயே போடு, பாக்கலாம்."

பெருக்கினாள், கழித்தாள், கடைசியில் கதைக்கணக்கே எழுதினாள். மணியடித்தும் அவளுக்கு எழுந்திருக்க மனமில்லை. "நாளைக்கு வேற விடை குடுங்க மிஸ்!" இப்போதெல்லாம் சீக்கிரம் முடிப்பவர்கள் அவளைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு எப்போது வருவாய் என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வருடமும் இதே பிள்ளைகளுக்கு நானே கணக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டேன். விடுமுறை கிடைத்தால் நீங்கள் வாருங்கள். நான் பள்ளியில் இருந்தால், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.

உங்கள் மனைவி