பரிசீலனையில் உள்ளது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இங்கே எங்கள் பொழுது போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள் அல்லவா, அது பொய். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எட்டு மணி நேரம் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறவனுக்கு வீட்டிலுமா போன் என்று சாக்குச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. நீயும் நம்பியிருக்க மாட்டாய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவள் பேசுகிற பேச்சில் டாக்டர்தான் கூடிய சீக்கிரம் ஊரைவிட்டு நடையைக் கட்டுவார் போலிருக்கிறது. மாடிக் குழாய் ஒழுகியதைச் சரி செய்தாயிற்று. உன் அறையில் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாள். நீ வரும்போது நன்றாக இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஊரில் இப்போது ஒரே பேச்சு கட்டணம்தான். காகித ஆலையை மூடிய பிறகு நகராட்சிக்கு வரும்படி பாதியாகிவிட்டது. அதனால் இதுவரை சும்மா கிடைத்ததற்கெல்லாம் இனி காசு வாங்கலாமா என்று நகர்மன்றம் யோசிக்கிறது. நீச்சல் குளம், விளையாட்டு மைதானம், பூங்காவில் பந்தடிக்கிற இடம் எல்லாவற்றுக்கும் நுழைவுக் கட்டணம். ஆம்புலன்ஸில் ஏறினால் வீட்டுக்கு பில். யோசனைதான், முடிவில்லை. ஆனால் பேப்பர்காரன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டதும் ஊர் மொத்தமும் அது வந்தேவிட்டது என்று எடுத்துக்கொண்டது. எங்கள் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'கட்டணம் பற்றிக் கேட்பவர்களிடம், பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் சொல்லவும்.'

இனி சேதிக்கு வருகிறேன். உன் நீச்சல் டீச்சர் காலமாகிவிட்டார். உனக்கு 'வாத்து' என்று பேர் வைத்தவர். நீ அழுவாய் என்று தெரியும். அம்மாவும் அழுதாள். குளத்துக்குப் பின்னாலிருக்கும் அந்த முதல் மாடி வீட்டில் தனியாகத்தானே இருந்தார். வியாழக்கிழமை போயிருக்கிறார். சனிக்கிழமை காலையில்தான் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பால் பாக்கெட் இரண்டு நாளாக எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறாள். மாரடைப்பு என்கிறார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் மிதக்கவிட்டவர். இறுதி ஊர்வலத்தில் அந்தத் தெரு கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. மற்றவர்கள் சொல்லி நீ கேட்கக் கூடாது. அவருடைய போனில் கடைசியாகப் போன அழைப்பு எங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு. வியாழன் மதியம் மூன்று இருபதுக்கு. எடுத்தது நான். அவர் பேர் சொல்லவில்லை, எனக்கும் குரல் அடையாளம் தெரியவில்லை. நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு, வண்டி கூப்பிட்டா எவ்வளவு ஆகும் என்று கேட்டார். தாளில் இருந்ததைச் சொன்னேன். பின்னாடி பில் வருமா என்றார். அதை என்னால சொல்ல முடியாதும்மா என்றேன். அப்ப கொஞ்ச நேரம் பாக்கறேன் என்றார். அவரேதான் போனை வைத்தார். ஒரு மனுஷி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும், சொல்.

மழைக்கோட்டு வாங்கிவிட்டாயா? வாங்காவிட்டால் இந்த மாதமே வாங்கு.

அன்புடன்,
அப்பா


அன்பு மகளுக்கு,

போன கடிதம் உன் கைக்குக் கிடைக்கும் முன்பே இதை எழுதுகிறேன். அதில் நான் ஒன்று தவறாக எழுதிவிட்டேன். அதைத் திருத்தாமல் உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமை நிலைய அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். எல்லா அழைப்பும் பதிவாகிறது என்பது உனக்குத் தெரியும். இறந்தவர் விஷயம் என்பதால் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். இரண்டு பேரும் கேட்டோம். என் குரலை நானே கேட்டேன். முரட்டுக் குரல் இல்லை. மரியாதையான குரல்தான். ரேஷன் கடையில் நாளைக்கு வாங்க என்று சொல்வார்களே, அந்த மரியாதை.

டீச்சர் பாக்கறேன் என்று சொன்ன அதே நொடியில் இரண்டாவது லைனில் விளக்கு மின்னியது. எனக்கு நினைவிருக்கிறது. முதல் லைனை நிறுத்திவைக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டாவதை எடுத்தேன். யார் தெரியுமா? மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்காம், அதற்கு இனி காசு கட்டணுமா என்று ஒருவன் அவசர எண்ணில் கேட்கிறான். அவனுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பாடம் ஒப்பித்தேன். அவன் விடவில்லை, நகராட்சியைத் திட்ட ஆரம்பித்தான். முடித்துவிட்டுப் பார்த்தபோது முதல் விளக்கு அணைந்திருந்தது. வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வைக்கவில்லை, மகளே. நிறுத்திவைத்த லைனும் பதிவாகிறது. நாற்பத்திரண்டு விநாடி அவர் காத்திருந்திருக்கிறார். மூச்சு மட்டும் கேட்கிறது. பின்னால் எங்கேயோ குளத்தில் பிள்ளைகள் கத்துகிற சத்தம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அப்புறம், லைன்ல இருக்கீங்களா என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு இன்னொன்றும் கேட்டார். அதை எழுதப் பேனா எடுத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போதைக்கு விடு.

நெஞ்சு அடைக்கிறது என்று யார் சொன்னாலும் பேச்சை நிறுத்தி வண்டியை அனுப்ப வேண்டும். அதுதான் எங்கள் முதல் விதி. எந்தத் தாளும் அதை மாற்றவில்லை. தாள் கட்டணத்தைப் பற்றித்தான் சொன்னது. வண்டியை அனுப்பாதே என்று அது சொல்லவில்லை. அந்த நேரம் இரண்டு வண்டியும் கொட்டகையில்தான் நின்றன. டிரைவர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நிலைய அதிகாரி நல்ல மனிதர். இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க, இது இந்த அறையோட இருக்கட்டும், நான் பாத்துக்கறேன் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஷிப்டை முடித்தேன். யார் கூப்பிட்டாலும் டீச்சர் மூச்சுதான் கேட்டது. ஒரு அம்மா மரக்கிளை விழுந்துவிட்டது என்று சொல்ல, நான் இருங்கம்மா வெச்சிடாதீங்க, வெச்சிடாதீங்க என்று கத்தியிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி என் தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீயே யோசித்துப் பார். நீ ஏழு வயதில் ஆழமான பக்கம் போய்த் தத்தளித்தபோது, பயந்தா கத்தணும், வெட்கப்பட்டுக்கிட்டு முங்கக்கூடாது என்று உன்னை அதட்டியவர் அவர். அவருக்கே காசை நினைத்து வெட்கம் வந்திருக்கிறது. கத்தவும் செய்தார், தன்னால் முடிந்த அளவில். கேட்க வேண்டியவன் வேறு லைனில் இருந்தேன்.

அப்பா


அன்பு மகளுக்கு,

நீ மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாய். மூன்று முறையும் போன் அடித்து ஓய்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொள்ளாதே. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த காயையும் நறுக்கி முடித்துவிட்டு, போய் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வாங்க, சொல்லாம என் பக்கத்துல வந்து படுக்காதீங்க என்றாள். அன்றைக்கு நான் கூடத்தில்தான் படுத்தேன். புதன்கிழமை காலையில் என் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் இருந்தது.

அன்றுதான் நகர்மன்றத்தில் கட்டணத் தீர்மானம். மேல் மாடி அரங்கு உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பேசிய இடம். நாற்காலி போதாமல் ஜனம் சுவரோரம் நின்றது. நீச்சல் குளத்துப் பெண்கள் ஒரு பக்கம், மைதானத்து ஆட்கள் ஒரு பக்கம். நிதிக்குழுத் தலைவர் முன்னே வந்தார். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்தான். உனக்கு இருமல் மருந்து கொடுக்கும்போதெல்லாம் ஒரு மிட்டாயும் சேர்த்துக் கொடுப்பாரே, அவர். கெட்டவர் இல்லை. ஆம்புலன்ஸ் ஒன்றின் கதவு கயிறு கட்டித்தான் மூடுகிறது, குளத்து வடிகட்டி இந்த வருஷம் போய்விடும், பணத்துக்கு நான் எங்கே போக என்று உண்மையாகவே கேட்டார். பிறகு, கட்டணத்தால உயிர் போகும்னு பயமுறுத்துறாங்க, இன்னும் வராத கட்டணத்தால யாருக்கு என்ன ஆச்சு, ஒருத்தரைக் காட்டுங்க என்றார்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். நான் எழுந்தேன். முன்வரிசையிலிருந்த நிலைய அதிகாரி திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். என் வேலையைச் சொன்னேன், தேதியையும் நேரத்தையும் சொன்னேன். டீச்சர் கேட்டதை, நான் சொன்னதை, நிறுத்திவைத்ததை, நாற்பத்திரண்டு விநாடியைச் சொன்னேன். தாளின் மேல் பழி போட நான் வரவில்லை, வண்டி அனுப்பாதது நான்தான் என்றும் சொன்னேன். அப்புறம் உனக்கு எழுத முடியாமல் போன அந்தக் கடைசிக் கேள்வியையும் சொன்னேன். நூறு பேர் கேட்டதை நீ கேட்காமல் இருக்கக் கூடாது.

லைன்ல இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, 'நீங்க வாத்தோட அப்பாதானே?' என்று கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரியாத குரல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வருஷம் தினமும் காலையில் துண்டும் பையுமாக உன்னை அழைத்துக்கொண்டு போய், பிள்ளை சாப்பிட்டாச்சு டீச்சர் என்று சொன்ன குரல் அல்லவா. தெரிந்த ஆள் எடுத்திருக்கிறான், ஒரு வழி சொல்வான் என்றுதான் வைக்காமல் இருந்திருக்கிறார். பதில் வராததும், மெதுவாக வைத்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் உனக்குத் தெரியும். கோபத்தில் வைக்கிற சத்தமே இல்லை.

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கியிருந்தது என்று மணி அடிப்பவர் பிறகு சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

வாக்கெடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கட்டணத்துக்கு ஆதரவாக நான்கு கைதான் எழுந்தது, ஏழு பேர் தூக்கவில்லை, தோற்றது. கை தூக்காதவர்களில் மருந்துக்கடைக்காரரும் ஒருவர். நீச்சல் குளத்துக்கும் மைதானத்துக்கும் வருகிற மாதத்திலிருந்து கட்டணம் உண்டு. எதையாவது விற்றுத்தானே எதையாவது ஓட்ட வேண்டும் என்றார்கள். குளத்துப் பெண்கள் என்னைப் பார்த்தபடியே இறங்கிப் போனார்கள். நன்றியா, கோபமா, தெரியவில்லை.

படிக்கட்டில் மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாளை எழுதினது நான்தான், ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கும் இனிமே வராது என்றார். ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டால் குறையும் என்று நினைத்தார் போலிருக்கிறது. குறையவில்லை.

என்னைக் கண்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஸ்டோரில் வேலை. நனைந்த தீயணைப்புக் குழாய்களைக் காயப்போட்டுச் சுருட்டிவைக்கிறேன். பென்ஷன் வருமோ, பாதி வருமோ, தெரியாது. அதை நினைத்து நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். அம்மா என்னை மறுபடி கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அதுவே பெரிசு. ஆனால் மதியம் மூன்றேகாலுக்கு மேல் ஸ்டோரில் என்னால் நிற்க முடிவதில்லை. வாசலுக்கு வந்து நிற்கிறேன். குளம் அங்கிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. ஒரு சத்தமும் கேட்காது. இருந்தும் கேட்கிறது.

உன் டீச்சரைப் பற்றி உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று பலமுறை யோசித்தேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். நீ அப்படிப்பட்ட பெண். அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, மகளே. முதல் மணியிலேயே எடுப்பேன். கோபம் இருந்தால் கோபித்துக்கொள். அழ வேண்டும் என்றால் அழு. பேச ஒன்றும் வராவிட்டால் சும்மா இரு, எவ்வளவு நேரமானாலும். உன் மூச்சு கேட்டால் போதும். நீ வைக்கிறவரை நான் வைக்க மாட்டேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அப்பா