அக்கா வேண்டாமென்று எழுதிக் கொடுத்தது

அக்கா,

இன்று தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரி விரலைக் கிழித்துவிட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் வெள்ளைத் துணியைச் சுற்ற ஆரம்பித்ததும் அந்த மருந்து வாடை வந்தது. பாதியிலேயே கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உன் மணிக்கட்டுகளைக் கட்டியிருந்த துணியின் வாடை அது.

அத்தானையும் கடைசியில் அப்படித்தான் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள், தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று. அன்றிலிருந்து உனக்குச் சாவைவிடக் குழாய்தான் பயம். உனக்கும் நெஞ்சு இரைக்கத் தொடங்கியபோது, தீராத நோயாளிகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ்தான் சொன்னார்: மூச்சு மெஷின் வேண்டாமென்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று. ஜீப் பிடித்து தேவிகுளம் போனோம். சாட்சிகளையும் நோட்டரி வக்கீலையும் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். உனக்கு நினைவு தப்பினால் முடிவு சொல்ல வேண்டியவள் நான் என்றாய்.

"மக பேரப் போடலியா?" என்று கேட்டார் வக்கீல்.

"அவ அழுவா சார். இவதான் பேசுவா."

திரும்பும்போது, கல்யாணப் புடவை எடுத்துவிட்டு வருகிறவளைப் போல இருந்தாய்.

நீ மூச்சு முட்டி விழுந்த அன்று நான் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்திரத்தோடு நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழாய் இறங்கியிருந்தது.

டாக்டர் அதை முழுக்கப் படித்தார். "போட்டத எடுக்கணும்னா ரெண்டு டாக்டர் குழு தனித்தனியா பாத்து ஒத்துக்கணும்மா. இங்க இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

திருப்பூரிலிருந்து வந்த உன் மகள் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை. "எங்கம்மாவக் கொல்லச் சொல்றீங்களா சித்தி?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். முதல் குழு ஒத்துக்கொண்டது. இரண்டாவது குழு இன்று கூடும், நாளை கூடும் என்றார்கள். கூடவே இல்லை.

நடுவில் ஒருநாள் கண் விழித்தாய். கட்டியிருந்த கையை இழுத்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"சொல்லிட்டேன்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தாய். அதற்குப் பிறகுதான் கைக்கட்டை அவிழ்த்தார்கள்.

உன் மகள் இப்போது அடிக்கடி போன் செய்கிறாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அதே கேள்விதான். "அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா சித்தி?"

"இல்லம்மா. தூங்கிக்கிட்டேதான இருந்தா."

அவள் நம்பிக்கொள்கிறாள். நீ விழித்ததையும் திரும்பிக்கொண்டதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா.