ஐம்பது தாண்டினவர்கள் பட்டியல்

பம்பாய்,
12-9-1988

நைனாவுக்கு வள்ளிநாயகி வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். அம்மாவோட மூட்டுவலி எப்படி இருக்குதுங்க?

மில் ஆபீசுல கம்ப்யூட்டர் கத்துக்கினு இருக்கேன். மில்லுல வேலை செய்யறவங்க பேரு ஒரு பட்டியல், வயசு ஒரு பட்டியல். டோக்கன் நம்பரை வெச்சு ரெண்டையும் சேர்க்கணும். "ஐம்பது தாண்டினவங்களை மட்டும் தனியா எடும்மா"ன்னாரு மேனேஜர். ஏன்னு சொல்லலை. ஆள் குறைக்கத்தான்னு சந்தேகப்பட்டு, என்னைத் தங்கவெச்சிருக்கிற, இதே மில்லுல வேலை பார்க்கிற தேசப்பன் மாமாவோட வயசைப் பத்து வருஷம் குறைச்சுட்டேன்.

பார்த்தா, அது கண் பரிசோதனைக்காம். மாமா பேரு மட்டும் விட்டுப்போச்சு. உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கித் திருத்தினேன். மாமாவுக்குக் கண்ணாடி கிடைச்சிடுச்சு, கவலைப்படாதீங்க.

மலைக்குப் போனா விபூதி அனுப்புங்க. கூடவே உங்க கையால நாலு வரி எழுதுங்க.

பட்டியலை அழிச்சிடலாமான்னு நேத்து கேட்டேன். "இருக்கட்டும், அப்புறம் வேணும்"ங்கிறாரு மேனேஜர்.

தபால் எடுக்கிற நேரமாச்சு.

உங்கள் மகள்
வள்ளி