றெஜினாவுக்காக நான் சொன்ன பதில்

ஜூலை 6, திங்கள்

சோளகக் காற்று இரைகிறது. கொடியில் போட்ட சேலை வேலிக்கு அப்பால். நாளை வார்டில் சேர வேண்டும். எடுத்து வைத்தவை: இரண்டு சட்டை, சுடுதண்ணிப் போத்தல், கிளினிக் கொப்பி, றெஜினா கடைசியில் என் கையில் வைத்த செபமாலை.

கட்டி பெருத்ததால் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். டொக்டர் இன்று கேட்டார்: "கருக்குழாய் ரெண்டையும் சேர்த்து எடுப்பமா? இனி அதால பிரயோசனம் இல்லை. சூலகப் புற்றுநோய் கனபேருக்கு அந்தக் குழாயிலதான் தொடங்குது. சூலகத்தை, முட்டை உண்டாகிற இடத்தை, விட்டுவைப்பம்."

அதே கேள்வி. ஆறு வருடத்துக்கு முன் இதே கதிரையில் றெஜினா, என் வீட்டுக்காரரின் தங்கை; அவளுக்கும் கர்ப்பப்பை எடுக்க இருந்தது. அவள் புருஷன் அன்று கடலில். துணைக்குப் போனவள் நான். திரும்பி என்னைப் பார்த்தாள். "மச்சாள், என்ன சொல்லுறீங்கள்?" எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான்: "பழுதில்லாததை ஏன் வெட்டுவான்? ஆண்டவர் தந்தது கிடக்கட்டும்." அவள் தலையாட்டினாள்.

இந்தத் தவக்காலத்தில் அவளை அடக்கம் செய்தோம். சூலகப் புற்றுநோய். நான் சொன்னது இவருக்கு இன்னும் தெரியாது.

இன்று எனக்கென்று வந்தபோது, "ஓம், எடுங்கோ" என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 11, சனி

வீடு. தையல் இழுக்கிறது. இருமப் பயம். றெஜினாவின் மகள் பிரின்சி வந்து சமைக்கிறாள். மீன் சொதி, உப்புக் குறைவு. சொல்லவில்லை.

வெளிக்கிடும்போது டொக்டரிடம் கேட்டேன், அன்றே எடுத்திருந்தால் மச்சாள் இருந்திருப்பாளோ என்று. "அப்பிடி அடிச்சுச் சொல்லேலாது. ஆபத்துக் குறைஞ்சிருக்கும்." குறைந்திருக்கும். பஸ்ஸில் எங்கள் ஊர் பேசாலை வரைக்கும் அந்த ஒரு சொல்தான்.

ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. இடுப்படித் தசைக்குப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கிப் பிடித்து விடுவது, பத்துத் தரம். தும்மினால் சொட்டாதாம். உள்ளே இருப்பது அடியால் சரிந்து இறங்காதாம்.

றெஜினா இதைச் செபமாலையில் எண்ணுவாள். ஒரு மணிக்கு ஒரு பிடி. பூசை நேரத்திலும். "மாதாவும் பொம்பிளைதானே மச்சாள், கோவிக்க மாட்டா." அன்று ஏசினேன். இன்று அதே மாலை என் கையில். நாலாவது மணியில் அழுகை வந்து பிடி விட்டுப்போனது.

ஜூலை 15, புதன்

பிரின்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். "மாமி, அம்மாவின்ரையையும் அப்பவே எடுத்திருக்கலாமெல்லே? டொக்டர் கேக்கேல்லையோ?"

பொய் வாய்வரை வந்தது.

"டொக்டர் கேட்டவர். வேண்டாமெண்டு சொன்னது நான்."

வாளியை வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். போய்விட்டாள். அடுப்பில் சொதி பொங்கி வழிந்தது.

ஜூலை 16, வியாழன்

வரவில்லை. இவர் கடலால் வந்து, "பிள்ளை எங்க?" என்றார். காய்ச்சலாம் என்றேன். இவரிடம் சொல்லத் துணிவில்லை.

ஜூலை 17, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. நாலு மணிக்கு வந்தாள். என் முகம் பார்க்கவில்லை. இரண்டு வாளி, குடம், பானை, எல்லாம் நிரப்பினாள். பிறகு கட்டில் தலைமாட்டில் தொங்கிய மாலையைக் கழற்றினாள்.

"அம்மாவின்ர. கொண்டு போறன்."

"ஓம், கொண்டு போ."

வாசலில் நின்றாள். திரும்பாமலே, "பாரம் தூக்காதைங்கோ, மாமி."

பயிற்சியை இன்று விரலில் எண்ணினேன். பத்தும் செய்தேன்.