என் சொந்த ஆய்வேட்டை ‘என்னுடையது இல்லை’ என்று நானே சொல்லிவிட்டது குறித்து

அனுப்புநர்
மெய்னிர் துதிர்,
மூன்றாம் ஆண்டு, வெல்ஷும் தத்துவமும் (இணைப் பட்டம்),
மாணவர் எண் 40718,
3, பழைய பள்ளித் தெரு,
ரோஸ்வென், லீன் தீபகற்பம்.

பெறுநர்
கல்விப் பதிவாளர் அவர்கள்,
அபெர்வென் பல்கலைக்கழகம்,
அபெர்வென்.

பொருள்: என் தத்துவ ஆய்வேட்டை வேறொருவர் எழுதியதாக எழுந்த சந்தேகம் – 13.06.2024 விசாரணை – வெல்ஷ் மூலப் பிரதியைக் குழுவின் முன் வைக்கவும், வெல்ஷில் பதில் சொல்ல அனுமதிக்கவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 28.05.2024.

மதிப்பிற்குரிய அம்மா,

மணி பன்னிரண்டே கால். ஒரு பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதும் நேரம் இதுவல்ல என்று தெரியும், மன்னிக்க வேண்டும். என் மகள் பெக்காவுக்கு இரண்டரை வயது. அவள் தூங்கிய பிறகுதான் என் கைகள் எனக்குக் கிடைக்கின்றன. நாளைக் காலை எழுதலாம் என்று மூன்று நாளாக நினைத்து மூன்று நாளும் போய்விட்டன. விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாளே இருக்கிறது.

1. நான் இப்பல்கலைக்கழகத்தில் 2020-இல் சேர்ந்தேன். இடையில் மகப்பேற்றுக்காக ஓராண்டு விட்டுத் திரும்ப வந்தேன். எங்கள் இணைப் பட்டத்தில் இந்த ஆண்டு நான் ஒரே மாணவி. வெல்ஷ் துறை மலைமேல் பழைய கட்டடத்தில், தத்துவத் துறை கீழே புதிய கட்டடத்தில். நான் சேர்ந்தபோது என் கணவரின் அக்கா லூனெட் சொன்னது: “ஒண்ணு படிச்சா வேலை கிடைக்காது. இன்னொண்ணு படிச்சா ஏன் கிடைக்கலைன்னு யோசிக்கலாம். நல்ல ஜோடிதான்!” எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். இப்போது அவருக்கு இந்த விஷயம் தெரிந்துவிடுமோ என்று பயந்து அவர் வேலை செய்யும் மீன் வறுவல் கடைப்பக்கமே போவதில்லை.

2. முதல் இரண்டு ஆண்டுகளில் தத்துவக் கட்டுரைகள் நான்கையும் ஆங்கிலத்தில் எழுதினேன். வெல்ஷில் எழுத எனக்கு உரிமை உண்டு என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் தவறு. வீட்டிலும் பள்ளியிலும் வெல்ஷிலேயே வளர்ந்தவள் நான். ஆங்கிலம் பேசத் தெரியும், கடைக்குப் போகவும் மருத்துவரிடம் பேசவும் போதும். ஆனால் அதில் யோசிக்கும்போது கடன் வாங்கிய காலணியில் நடப்பதுபோல ஒவ்வோர் அடியும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நான்கு கட்டுரைகளுக்கும் ஐம்பதைத் தாண்டி மதிப்பெண் வந்ததில்லை. தத்துவ வகுப்புகளில் நான் வாய் திறந்ததும் குறைவு. அதையும் மறைக்கவில்லை.

3. இந்த ஆண்டு ஆய்வேட்டை வெல்ஷிலேயே எழுதினேன். தலைப்பு: புரிந்துகொள்ள இயலாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கு, வாக்காகுமா என்பது. பெக்காவை முதல் நாள் காப்பகத்தில் விட்டபோது “நாலு மணிக்கு அம்மா வந்துடுவேன்” என்று சொன்னேன். நாலு மணி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை அவள். ஆனாலும் பேருந்து தாமதமானபோது நான் பொய் சொல்லிவிட்டவள்போல் உணர்ந்தேன். அங்கிருந்துதான் அந்த ஆய்வேடு பிறந்தது. என் கணவர் டெகிட் பால் வண்டி ஓட்டுகிறார். விடியலில் அவர் போகும் பண்ணை ஒன்றில் மோட் என்று ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. அதற்குக் காது கேட்காது. தினமும் அதனிடம் “நாளைக்கு வரேன்டா” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்த நாயைப் பற்றியதுதான்.

4. தத்துவத் துறையில் வெல்ஷ் படிக்கத் தெரிந்த தேர்வாளர் இல்லை. ஆகவே விதிப்படி என் ஆய்வேடு பல்கலைக்கழக மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போய் ஆங்கிலமாகி வந்தது. அதன் முதல் பக்கத்தில் ‘இது மொழிபெயர்ப்பு’ என்றும் மொழிபெயர்த்தவர் பெயரும் இருந்திருக்கின்றன. தேர்வுப் பிரிவில் எல்லா விடைத்தாள்களுக்கும் செய்வதுபோல, மாணவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். டெகிட்டின் பெயரையும் பண்ணையின் பெயரையும் நாயின் பெயரையும் நீக்கி, அவற்றின் இடத்தில் தனி எழுத்துகளைப் போட்டார்கள். இந்த விவரம் எனக்கு மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒருவர் தொலைபேசியில் சொன்னது. அவர் மேல் எந்த நடவடிக்கையும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஆகக்கூடி, தேர்வாளர்கள் கையில் கிடைத்தது யாரோ மிக நல்ல ஆங்கிலத்தில் எழுதியதுபோன்ற ஓர் ஆய்வேடு. எழுபத்து நான்கு கொடுத்தார்கள். பெயர்களைத் திறந்தபோது அது நான். என் பழைய நான்கு கட்டுரைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

5. இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுதத் தயங்கிய பகுதி.

மே 22 அன்று தத்துவத் துறையின் முனைவர் விட்கம் என்னை அழைத்தார். எதற்கென்று சொல்லவில்லை. காப்பகம் அன்று விடுமுறை என்பதால் பெக்காவையும் தூக்கிக்கொண்டு போனேன். அறையில் குறிப்பெடுக்க ஓர் அலுவலர் இருந்தார். அவரைப் பார்த்ததுமே பெக்காவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “பயப்படாதீங்க மெய்னிர், சும்மா பேசலாம்னுதான் கூப்பிட்டேன். பாப்பாவுக்கு பிஸ்கட் தரலாமா?” என்றார் விட்கம். அன்பாகத்தான் கேட்டார். பிறகு அச்சடித்த ஒரு பக்கத்தை என் முன் தள்ளினார். ஆங்கிலத்தில் இருந்தது. ‘டி என்னும் ஓட்டுநர், ஏ என்னும் விலங்குக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார் எனக் கொள்வோம்’ என்று தொடங்கியது. பெக்கா அந்தக் காகிதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வாக்கியங்க உங்களோடதா?” என்று கேட்டார்.

நான் அந்தப் பக்கத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை. “இல்லை, என்னுடையது இல்லை” என்றேன். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை அதையே சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. “நேர்மையா சொன்னதுக்கு நன்றி” என்றார். எதற்கு நன்றி என்று எனக்குப் புரியவில்லை. பெக்கா அழத் தொடங்கியதால் எழுந்து வந்துவிட்டேன்.

வீடு திரும்ப ஏறிய புல்ஹெலி பேருந்தில் பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. டி என்பது டெகிட். ஏ என்பது மோட். நான் பார்த்தது என் இரண்டாம் அத்தியாயம்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் நின்றபடி துறைக்குத் தொலைபேசினேன். “குறிப்பு போயிடுச்சும்மா, இனி மாத்த முடியாது. விசாரணையில சொல்லிக்கோங்க” என்றார்கள். அந்தக் குறிப்பில், ‘வாக்கியங்கள் தன்னுடையவை அல்ல என்று மாணவி இருமுறை ஒப்புக்கொண்டார்’ என்று இருக்கிறது. பிரதியை இணைத்துள்ளேன். அதில் எழுதியிருப்பது பொய்யில்லை அம்மா. நான் அப்படித்தான் சொன்னேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயமாக இருக்கிறது.

6. வெல்ஷ் துறைக்கு ஓடினேன். அலுவலகத்தில் டிலிஸ் அம்மா எனக்குத் தேநீர் கொடுத்தார். “அய்யோ கண்ணு, அது தத்துவக்காரங்க ஆய்வேடு. நாங்க பேசினா அவங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைச்ச மாதிரி ஆயிடும்” என்றார். கீழே வந்து கேட்டால், “நீங்க முதல்ல வெல்ஷ் துறை மாணவி, உங்க துறைதான் உங்களுக்காகப் பேசணும்” என்கிறார்கள். மலை ஏறி இறங்கினேன், இரண்டு முறை. தண்டனை என்று வரும்போது மட்டும் இரண்டு துறையும் ஒன்றாகிவிடும் என்று தங்கள் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்: குற்றம் உறுதியானால் பட்டம் முழுவதும் ரத்து.

7. அப்படி ரத்தானால் செப்டம்பரில் எனக்குக் கிடைத்திருக்கும் ஆசிரியப் பயிற்சி இடமும் போய்விடும். எங்கள் ஊரிலிருந்து எட்டு மைலில் உள்ள வெல்ஷ் வழிப் பள்ளி அது. ஏமாற்றியவள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எந்தப் பள்ளியும் என்னைப் பிள்ளைகளிடம் விடாது. இது மிகையில்லை, விண்ணப்பப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.

8. விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் பதினைந்து வேலை நாள்களுக்கு முன் கேட்க வேண்டுமாம். கடிதம் என் கைக்கு வந்தது மே 31. விசாரணை ஜூன் 13. நாள்களை எந்தப் பக்கமிருந்து எண்ணிப் பார்த்தாலும் பதினைந்து வரவில்லை.

டெகிட் சொல்கிறார்: “நீ எழுதினதுதானே, போய் நேரா சொல்லிடு. பயந்த மூஞ்சியோட போய் நின்னா திருடின மாதிரியே இருக்கும்.” தைரியம் சொல்லத்தான் சொன்னார். அன்றிலிருந்து என் முகத்தை நினைத்தும் பயம் வந்துவிட்டது. பயந்தால் எனக்கு ஆங்கிலம்தான் முதலில் போகிறது. அந்த அறையில் குழுவினர் ஐந்து பேர் முன்னால் அது போய்விட்டால் நான் பேசாமல் நிற்பேன், அதையும் குறிப்பில் எழுதிக்கொள்வார்கள்.

ஆகவே வீட்டில் பழகிப் பார்க்கிறேன். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்க்கிறேன். போன ஞாயிறு பெக்காவிடமும் ஆங்கிலத்திலேயே பேசினேன், நாள் முழுக்கப் பேசினால் நாக்கு வளையும் என்று. நான் தொலைபேசியில் வேறு யாருடனோ பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. பேசி முடிக்கட்டும் என்று தன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஆங்கிலப் பிரதியைப் பிறகு முழுவதும் வாங்கிப் படித்தேன். மிக நன்றாக இருக்கிறது. மோட் இல்லை, பண்ணை இல்லை, காப்பகத்தின் வாசல் இல்லை, எல்லாம் எழுத்துகள். ஆனால் தெளிவாக இருக்கிறது. படிக்கப் படிக்க, இதை யோசித்தது உண்மையில் நான்தானா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. எனக்கே வந்தால் அந்த ஐந்து பேருக்கு வராதா?

9. நான் எழுதியதற்கு என்னிடம் உள்ள சான்றுகள்: டெகிட்டின் பால் சேகரிப்புச் சீட்டுகளின் பின்பக்கம் என் கையெழுத்தில் எழுதிய முதல் வரைவு, 61 சீட்டுகள், சிலவற்றில் பெக்காவின் கிறுக்கல்களுடன். என் எழுத்தை அத்தியாயம் அத்தியாயமாகச் சிவப்பு மையில் திருத்திய வெல்ஷ் துறை முனைவர் குவெர்வில் அவர்களின் குறிப்புகள். அவர் இப்போது மருத்துவ விடுப்பில் இருக்கிறார். ஆனால் கையொப்பமிட்ட கடிதம் தந்திருக்கிறார். எல்லாம் வெல்ஷில் இருப்பதால் குழுவில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் என் கவலை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

மொழிபெயர்ப்புப் பிரிவின் முதல் பக்கத்தையும் வெல்ஷ் மூலப் பிரதியையும் விசாரணைக்கு முன்பே குழுவினர் கைக்குச் சேர்ப்பிக்க வேண்டும்.

வெல்ஷ் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது குழுவில் அமர்த்த வேண்டும். பிற துறையினராக இருந்தாலும் போதும், என்னைத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் என் ஆய்வேட்டைப் பற்றி எந்தக் கேள்வி வேண்டுமானாலும் வெல்ஷில் கேட்கட்டும். விடியும்வரை கேட்டாலும் பதில் சொல்வேன்.

மே 22 குறிப்பில், எனக்குக் காட்டப்பட்டது மொழிபெயர்ப்பு என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். நான் சொன்னதை அழிக்கச் சொல்லவில்லை.

இவை ஒன்பது நாளுக்குள் முடியாவிட்டால் விசாரணைத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும்.

நான் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. மாணவர் வெல்ஷில் எழுதலாம், வெல்ஷில் பேசலாம் என்று நம் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதும்போது அதை நம்பினேன். பேசும்போதும் நம்பலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

இந்த மனுவையும் வெல்ஷில்தான் எழுதியிருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் யாராவது இதை ஆங்கிலமாக்கித் தர வேண்டியிருந்தால், தயவுசெய்து மேலே ‘மொழிபெயர்ப்பு’ என்று எழுதி, இந்தத் தாள்களையும் கூடவே சேர்த்துக் குத்தி வையுங்கள். பெக்காவின் பெயரை எடுத்துவிட வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள், ஒரு வரியானாலும், பதில் எழுதுங்கள் அம்மா.

இடம்: ரோஸ்வென்
நாள்: 04.06.2024

தங்கள் உண்மையுள்ள,
மெய்னிர் துதிர்

இணைப்பு:
1. 22.05.2024 சந்திப்புக் குறிப்பின் பிரதி
2. பால் சேகரிப்புச் சீட்டுகளில் எழுதிய முதல் வரைவு, 61 தாள்கள் (நகல், மூலம் என்னிடம் உள்ளது, கேட்டால் நேரில் கொண்டுவருவேன்)
3. முனைவர் குவெர்வில் அவர்களின் கடிதமும் திருத்தக் குறிப்புகளும்