அசைந்தால் பயமில்லை

மார்ச் 4, செவ்வாய்
லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது பாதுகாப்பு பெல்ட் தோளில் உறுத்தியது. தடவினால் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. எத்தனை நாளாக இருக்கிறது? மெஷின் போல்ட் லூஸானால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறேன். என் தோள் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
ஸ்கேன் முடிவு வந்தது. கொழுப்புக் கட்டி, புற்றுநோய் இல்லை. டாக்டர் ஒரே வரியில் முடித்தார். எனக்கு அது போதும். நர்ஸ் விட்டால்தானே! பக்கத்து அறையில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எத்தனை சிகரெட் என்று குடைந்தார், தோல், கொழுப்பு, தசை என்று தாளில் வரைந்து விளக்கினார். இருபது நிமிடம்.

"இப்ப நான் சொன்னத உங்க வார்த்தையில சொல்லுங்க."

"வாய்ப்பாடா ஒப்பிக்கிறதுக்கு? புரிஞ்சுது சிஸ்டர்."

"புரிஞ்சுதுங்கிறவங்கதான் வாசல் தாண்டுறதுக்குள்ள பாதிய விட்டுடுறாங்க, இன்ஜினியர் சார்."

வேலைக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணி கேள்வி மேல் கேள்வி. தொட்டா நகருதா? வலிக்குதா?

"அசையுது, வலியில்ல. அப்படின்னா பயமில்ல அண்ணி. அவ்வளவுதான் மேட்டர்."

மார்ச் 13, வியாழன்
மறுபடியும் அதே பேச்சு. காய் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பொம்பளைங்களுக்கு வந்தாலும் அப்படித்தானா?" என்றார்.

"கட்டிக்கு என்ன ஆம்பள, பொம்பள?"

என் தோள் மேல் எனக்கே இல்லாத அக்கறை இவருக்கு ஏன்? அண்ணன் கப்பலுக்குப் போய் எட்டு மாதம். பேச ஆளில்லாமல் இப்படியா? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 17, திங்கள்
துணி மடிக்கும்போது அண்ணி பாடினார். எவ்வளவு நாளாச்சு!

மார்ச் 20, வியாழன்
ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் லிஃப்ட் கதவில் எண்ணெயைக் கொட்டி வைத்திருந்தார். "பக்கத்து பில்டிங்ல எண்ணெய் விட்டதும் சத்தம் நின்னுச்சே சார்."

"அது வேற மெஷின்யா! பார்க்காம எப்படிச் சொல்லுவ?"

கத்திவிட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் — ஐயோ. பொம்பளைங்களுக்கு வந்தாலும்?

எப்படிக் கேட்பது? அண்ணியாச்சே. சுற்றி வளைக்க எனக்கு வராது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "கட்டி உங்களுக்கா அண்ணி?" என்றேன். குழாயை மூடிவிட்டு, அம்மா இருந்த அறைப் பக்கம் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. அத்தைக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி." அப்புறம், "மார்புல. அஞ்சு மாசமா. அசையுது, வலியில்ல. நீதான பயமில்லன்னு சொன்ன?"

நான்தான் சொன்னேன். என்ன தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 21, வெள்ளி
அரை நாள் லீவு. அம்மாவிடம் கண் டாக்டர் என்று சொல்லிவிட்டு அண்ணியைக் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்தார்கள், சோதனைக்கு ஊசியால் துளி சதை எடுத்தார்கள். வெளியே நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்குக் கடைசியா அதத்தான் சொன்னேன். உங்க கட்டிய வச்சு இன்னொருத்தர் கட்டிய எடை போடாதீங்க, எந்தப் புதுக் கட்டியா இருந்தாலும் காட்டணும்னு."

சொன்னாரா? அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, திங்கள்
அண்ணி இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

மார்ச் 28, வெள்ளி
நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை.

ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டுமாம். "இல்லன்னா இல்லதானே, அப்புறம் எதுக்கு?" என்றேன். மாறாமல் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார் நர்ஸ். அரைகுறையாகத்தான் புரிந்தது. அண்ணிக்குப் புரிந்திருந்தது. திருப்பிச் சொன்னார். ஒரு இடத்தில் தடுமாறி, நின்று, முதலிலிருந்து சொன்னார்: "ஆறு மாசத்துல ஸ்கேன். நடுவுல பெருசானா, தோல் சுருங்கினா, காம்புல கசிஞ்சா காத்திருக்காம வரணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவுடன் அண்ணி தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கள் நிறுத்தம் வந்தது, போனது. நான் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் முறைத்தார். திரும்பிப் போவதற்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.